மாதம் தவறாமல் வரும் காய்ச்சல்

கேள்வி: என் மகனுக்கு இரண்டே முக்கால் வயது, எடை 13 கிலோ. ஐந்து மாதத்துக்கு முன்பு மழலையர் பள்ளியில் சேர்த்தோம். அன்றிலிருந்து மாதம் தவறாமல் சளி, காய்ச்சல். ஒன்று விட்டு மூன்றாவது வாரம் அடுத்தது ஆரம்பித்துவிடுகிறது. இரண்டு வயதில் ஒருமுறை காய்ச்சலில் ஃபிட்ஸ் வந்தது. அதோடு என் தூக்கம் போயிற்று. உடம்பு லேசாகச் சுட்டாலே பாராசிட்டமால் கொடுத்துவிடுகிறேன். ராத்திரியில் மணிக்கொரு தரம் எழுந்து தெர்மாமீட்டர் வைக்கிறேன். முன்பு மிச்சமிருந்த ஆன்டிபயாடிக்கை இந்தத் தடவை மூன்று நாள் கொடுத்தேன். போன வாரம் வாந்தி, பேதி. ஓ.ஆர்.எஸ். கரைத்துக் கொடுத்தால் குடித்த வேகத்தில் கக்கிவிட்டான். இவனுக்கு எதிர்ப்பு சக்தி குறைவா? டானிக் ஏதாவது கொடுக்கலாமா? எதற்கு மருத்துவமனைக்கு ஓட வேண்டும், எதை வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லுங்கள் டாக்டர்.

பதில்: உங்கள் கடிதத்தில் என் கண் முதலில் போய் நின்ற இடம் ‘13 கிலோ’. எத்தனை டிகிரி காய்ச்சல் என்று எல்லாரும் எழுதுவார்கள். எத்தனை கிலோ என்று எழுதுபவர்கள் குறைவு. இரண்டே முக்கால் வயதுப் பையனுக்கு 13 கிலோ நல்ல எடைதான். எதிர்ப்பு சக்தியில் உண்மையான கோளாறு இருக்கும் குழந்தைகள் பெரும்பாலும் எடை ஏறாமல் தடுமாறுவார்கள். அடுத்து, ‘ஒன்று விட்டு’ என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த இடம். வந்தது முழுசாக விட்டு, நடுவில் பையன் பழையபடி ஓடியாடி, அப்புறம்தான் அடுத்தது வருகிறது என்றால் ஒரே நோய் ஆறாமல் கிடக்கிறது என்று அர்த்தமில்லை. வேறு வேறு வைரஸ்கள் வரிசையில் நின்று வந்துகொண்டிருக்கின்றன.

இந்த வயதில் வருடத்துக்கு ஆறு, எட்டு தடவை சளி பிடிப்பது சாதாரணம். பள்ளிக்கோ காப்பகத்துக்கோ போக ஆரம்பித்த முதல் வருடத்தில் பத்து, பன்னிரண்டுகூட ஆகும். சளியை உண்டாக்கும் ரைனோவைரஸில் மட்டும் நூறுக்கு மேற்பட்ட வகைகள் இருக்கின்றன. ஒன்றை உடம்பு அடையாளம் கண்டுகொள்வதற்குள் பக்கத்தில் உட்கார்ந்த குழந்தை அடுத்ததைக் கொண்டுவந்துவிடும். ஒவ்வொரு சளிக்கும் பத்து நாள் வைத்தாலும் வருடத்தில் நூறு நாள் மூக்கு ஒழுகும். கணக்குப் போட்டால் பயமாகத்தான் இருக்கும், ஆனால் அது நோயாளிப் பிள்ளையின் கணக்கில்லை.

அப்படியானால் எப்போதுதான் சந்தேகப்பட வேண்டும்? வருடத்தில் இரண்டு தடவை நிமோனியா, நான்கு அல்லது அதற்கு மேல் காதுத் தொற்று, ஆழமான சீழ்க்கட்டி திரும்பத் திரும்ப வருவது, ஒரு வயது தாண்டியும் வாயில் வெண்படலம் போகாமல் இருப்பது, நரம்பு வழியாக ஆன்டிபயாடிக் ஏற்றினால்தான் தொற்று அடங்குவது, எடை ஏறாமல் நின்றுபோவது. இவற்றில் ஏதாவது இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள், பார்த்தே ஆக வேண்டும். நீங்கள் எழுதியதில் ஒன்றும் இல்லை. டானிக் வேண்டாம். எதிர்ப்பு சக்தியைக் கூட்டும் டானிக் என்று ஒன்று உண்மையில் இருந்தால் முதல் பாட்டில் என் வீட்டில்தான் இருந்திருக்கும். அந்தக் காசுக்கு அவனுடைய தடுப்பூசி அட்டையை எடுத்து ஏதாவது விட்டுப்போயிருக்கிறதா என்று பாருங்கள். வருடாந்திர ஃப்ளூ தடுப்பூசி பற்றியும் உங்கள் டாக்டரிடம் கேளுங்கள்.

இதோடு ஒரு நோட்டு போடுங்கள். காய்ச்சல் தொடங்கிய தேதி, விட்ட தேதி, என்ன மருந்து, எத்தனை மி.லி., எத்தனை மணிக்கு. ‘அடிக்கடி காய்ச்சல் வருகிறது’ என்று என்னிடம் வருபவர்களிடம் எத்தனை தடவை என்று கேட்டால் பாதிப் பேருக்குச் சொல்லத் தெரியாது. தூங்காத ராத்திரிகள் மனதில் எல்லாவற்றையும் ஒன்றாகக் குழப்பிவிடும். எழுதிப் பார்த்தால் காய்ச்சல் நாட்களைவிட நடுவில் இருக்கும் நல்ல நாட்கள் கண்ணில் படும். மருத்துவருக்கும் வேண்டியது அந்த இடைவெளிதான்.

இப்போது ஃபிட்ஸ். உங்கள் தூக்கத்தைத் தின்றது இதுதான் என்பதால் கொஞ்சம் நின்று பேசுவோம்.

என் மகளுக்கு ஒன்றரை வயதில் வந்தது. நான் குழந்தை மருத்துவம் பார்க்க ஆரம்பித்து ஏழெட்டு வருடம் ஆகியிருந்தது. அதற்கு முன்பு எத்தனையோ பேருக்குப் பக்கத்தில் நின்று நிதானமாகப் பார்த்திருக்கிறேன். மடியில் கிடந்த குழந்தை கண் செருகி, கை கால் வெட்டி இழுத்ததும் எல்லாம் மறந்துபோயிற்று. திருப்பிப் படுக்க வைத்தது மட்டும் கை தானாகச் செய்தது. எவ்வளவு நேரம் நீடித்தது என்று பிறகு கேட்டார்கள். கால் மணி நேரம் இருக்கும் என்றேன். எதிரே நின்றிருந்த என் மனைவி கடிகாரத்தைப் பார்த்திருந்தாள். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. அன்றிலிருந்து ‘ரொம்ப நேரம் இழுத்தது டாக்டர்’ என்று யாராவது சொன்னால் நான் மறுத்துப் பேசுவதில்லை. அவர்களுக்கு அது ரொம்ப நேரம்தான்.

ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயது வரை, நூறு குழந்தைகளில் இரண்டு முதல் ஐந்து பேருக்குக் காய்ச்சலோடு ஃபிட்ஸ் வரும். பெரும்பாலும் ஐந்து நிமிடத்துக்குள் தானாக நின்றுவிடும். இப்படிச் சில நிமிடத்தில் நிற்கும் சாதாரண காய்ச்சல் வலிப்பு மூளையைக் கெடுப்பதில்லை, படிப்பைக் கெடுப்பதில்லை. ஒருமுறை வந்தவர்களில் சுமார் மூன்றில் ஒருவருக்கு மறுபடி வரலாம், மற்றவர்களுக்கு அதோடு சரி. நீங்கள் கேட்க விரும்பாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன்: பாராசிட்டமால் கொடுத்து ஃபிட்ஸைத் தடுக்க முடியாது. இதை ஆராய்ந்து பார்த்திருக்கிறார்கள், தடுக்கவில்லை. பல குழந்தைகளுக்குக் காய்ச்சல் இருப்பதே ஃபிட்ஸ் வந்த பிறகுதான் தெரியவரும். மணிக்கொரு தரம் நீங்கள் எழுந்து தெர்மாமீட்டர் வைத்தாலும் வருவது வரும், வராதது வராது. இது ஆறுதலாக இல்லைதான். ஆனால் அன்றைக்கு நீங்கள் எதையோ கவனிக்கத் தவறியதால் வந்தது என்ற எண்ணம் மனதில் இருந்தால் அதை இறக்கி வைத்துவிடுங்கள்.

மறுபடி வந்தால் ஒருக்களித்துத் தரையில் படுக்க வையுங்கள். சுற்றியிருக்கும் கெட்டியான பொருட்களை நகர்த்துங்கள். வாயில் ஸ்பூன், விரல், தண்ணீர், மருந்து எதுவும் வேண்டாம். நாக்கை விழுங்கிவிடுவான் என்பது பொய். கை காலை அமுக்கிப் பிடிக்காதீர்கள். வீட்டில் வேறு யாராவது இருந்தால் அவர்களிடம் கடிகாரத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். என்னால் முடியாதது உங்களாலும் முடியாமல் போகலாம். ஐந்து நிமிடம் தாண்டினால் ஆம்புலன்ஸ். ஒரே நாளில் இரண்டாவது தடவை வந்தாலும், உடம்பின் ஒரு பக்கம் மட்டும் வெட்டினாலும், நின்ற பிறகு தெளியாமலே கிடந்தாலும் உடனே மருத்துவமனை. சீக்கிரம் நின்று தெளிந்துவிட்டாலும் காய்ச்சலுக்குக் காரணம் என்ன என்று தெரிந்துகொள்ள அன்றைக்கே டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

காய்ச்சலுக்கு வருவோம். 100.4 ஃபாரன்ஹீட், அதாவது 38 செல்சியஸ், அதிலிருந்துதான் காய்ச்சல். 99இல் மருந்து தேவையே இல்லை. காய்ச்சல் என்பது கிருமியை எதிர்க்க உடம்பு தானே சூட்டை ஏற்றிக்கொள்வது. எத்தனை டிகிரி என்பதை வைத்து மட்டும் நோய் எவ்வளவு பெரியது என்று சொல்ல முடியாது. 103இல் பொம்மையை உருட்டிக்கொண்டிருக்கும் பிள்ளையைவிட 100.5இல் துவண்டு தோளில் கிடக்கும் பிள்ளைதான் என்னைக் கவலைப்பட வைக்கும். இதற்கு ஒரே விதிவிலக்கு மூன்று மாதத்துக்கு உட்பட்ட கைக்குழந்தை. அங்கே 100.4 வந்தாலே, பார்க்க நன்றாக இருந்தாலும், நேரத்தைக் கடத்தாமல் மருத்துவமனை. 1980இல் பார்ட்டன் ஷ்மிட் என்ற அமெரிக்கக் குழந்தை மருத்துவர் பெற்றோரின் இந்த அச்சத்துக்குக் ‘காய்ச்சல் பயம்’ என்றே பெயர் வைத்து எழுதினார். நாற்பது வருடத்துக்கு மேலாகியும் அந்தப் பயம் குறைந்ததாக எனக்குத் தெரியவில்லை.

பாராசிட்டமால் எதற்கு என்றால், பிள்ளைக்கு உடம்பு வலி குறைந்து, கொஞ்சம் குடித்து, கொஞ்சம் தூங்குவதற்கு. காய்ச்சல் அடியோடு இறங்காவிட்டாலும் முகம் தெளிந்தால் மருந்து வேலை செய்துவிட்டது. தூங்குகிற பிள்ளையை எழுப்பிக் கொடுக்க வேண்டாம். குளிர்ந்த தண்ணீரில் துடைப்பதும் வேண்டாம். நடுக்கம்தான் வரும், நடுங்கினால் உடம்பு இன்னும் சூடேற்றும். மெல்லிய உடை, காற்றோட்டம், அடிக்கடி ஒரு மடக்கு ஏதாவது குடிக்க. அவ்வளவுதான்.

அளவு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள், ஏனென்றால் வீட்டில் நடக்கும் பெரிய தவறு இதில்தான். ஒரு அப்பா தன் ஒரு வயதுக் குழந்தைக்கு ‘எப்போதும் கொடுக்கிற 5 மி.லி.’ கொடுத்ததாகச் சொன்னார். பாட்டிலை வாங்கிப் பார்த்தால் அது சிரப் இல்லை, சொட்டு மருந்து. கடையில் சிரப் இல்லையென்று மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். அட்டைப்பெட்டியில் இருந்த படம் இரண்டிலும் ஒன்றுதான். சொட்டு மருந்து பல கம்பெனிகளில் 1 மி.லி.யிலேயே 100 மில்லிகிராம். 5 மி.லி. என்றால் 500. சாதாரண சிரப்பில் அதே 5 மி.லி.யில் 120, 125 மில்லிகிராம்தான். இன்னொரு சிரப்பில் 250. நல்லவேளை, அவர் கொடுத்த கொஞ்ச நேரத்திலேயே பாட்டிலோடு ஓடி வந்திருந்தார்.

ஆகவே மி.லி.யை மனப்பாடம் செய்யாதீர்கள். கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம், ஒரு வேளைக்கு. உங்கள் பையனுக்கு 130க்கும் 195க்கும் நடுவில். 5 மி.லி.யில் 250 மில்லிகிராம் இருக்கும் பாட்டில் என்றால் 3 மி.லி.யில் 150 வந்துவிடும். 5 மி.லி.யில் 120 இருக்கும் பாட்டில் என்றால் 6 மி.லி.யில் 144. இரண்டு வேளைக்கு நடுவில் குறைந்தது நான்கு மணி நேரம், ஆறு மணி நேரம் விட்டால் இன்னும் நல்லது. 24 மணி நேரத்தில் நான்கு வேளைக்கு மேல் போகக் கூடாது. சமையல் ஸ்பூனில் அளக்காமல் ஊசியில்லாத சிரிஞ்சில் உறிஞ்சிக் கொடுங்கள். சளிக்கென்று விற்கும் பல கூட்டு மருந்துகளிலும் பாராசிட்டமால் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் கணக்கு இரட்டிப்பாகும். ஆஸ்பிரின் குழந்தைகளுக்கு நீங்களாகக் கொடுக்கவே கூடாது. வைரஸ் காய்ச்சலில் அது ஈரலையும் மூளையையும் தாக்கும் ரை நோய்க்குறிக்கு வழி விடும்.

ஆன்டிபயாடிக்கைப் பற்றி நீங்களே ஒப்புக்கொண்டு எழுதிவிட்டதால் திட்டவில்லை. தண்ணீர் கலந்த ஆன்டிபயாடிக் பாட்டில், மருந்துக்குத் தகுந்தபடி, ஒன்று அல்லது இரண்டு வாரத்தில் வீரியம் போய்விடும். நீங்கள் கொடுத்தது பெரும்பாலும் செத்த மருந்து. உயிரோடு இருந்திருந்தாலும் வைரஸை அது ஒன்றும் செய்யாது. வயிற்றில் இருக்கும் நல்ல பாக்டீரியாவைக் கலைத்துப் பேதியைக் கொண்டுவரும். போன வாரத்துப் பேதிக்கு அதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம். சளி பச்சையாக, மஞ்சளாக மாறினால் ஆன்டிபயாடிக் வேண்டும் என்பது பெற்றோரிடம் மட்டுமல்ல, எங்களில் சிலரிடமும் இருக்கும் பழக்கம். சாதாரண சளியே மூன்றாம் நாள் நான்காம் நாள் நிறம் மாறத்தான் செய்யும், எதிர்த்துப் போராடிய வெள்ளணுக்களின் நிறம் அது.

இருமல் எல்லாவற்றுக்கும் கடைசியாகப் போகும். பாதிக் குழந்தைகளுக்குப் பத்து நாளில் நிற்கும், பத்தில் ஒருவருக்கு 25 நாள் தாண்டியும் இழுக்கும். இருமல் மருந்துகளால் இந்த வயதில் பலன் குறைவு, தூக்கக் கலக்கமும் படபடப்பும் அதிகம். படுக்கும் முன் அரை ஸ்பூன் தேன் கொடுத்தால் இதமாக இருக்கும், இவன் வயதுக்குக் கொடுக்கலாம். ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு மட்டும் தேனை நாக்கில் தடவக்கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒரு பாக்டீரியாவின் வித்து கைக்குழந்தையின் குடலில் முளைத்து நச்சை உண்டாக்கும்.

வாந்தி, பேதிக்கு நீங்கள் ஓ.ஆர்.எஸ். கொடுத்தது சரி, கொடுத்த விதம்தான் சரியில்லை. தாகத்தில் இருக்கும் பிள்ளை டம்ளரைப் பார்த்தால் மடமடவென்று குடிக்கும், புண்பட்ட இரைப்பை அதை அப்படியே திருப்பி அனுப்பும். வாந்தி எடுத்ததும் பத்து நிமிடம் சும்மா இருங்கள். அப்புறம் ஒரு டீஸ்பூன். ஒன்றிரண்டு நிமிடம் கழித்து இன்னொன்று. அலுப்பான வேலை, அரை மணி நேரம் உட்கார வேண்டும். ஆனால் ஒரு டீஸ்பூன் 5 மி.லி. என்றால் அரை மணியில் நூறு மி.லி. பக்கம் உள்ளே போயிருக்கும். திரும்ப வாந்தி வந்தாலும் எல்லாமே வெளியே போய்விடாது. வாந்தி அடங்கிய பிறகு ஒவ்வொரு தடவை பேதி போனதும் 100 முதல் 200 மி.லி. வரை கொடுங்கள்.

பொட்டலத்தில் எவ்வளவு தண்ணீர் என்று போட்டிருக்கிறதோ அவ்வளவில் மொத்தத்தையும் கரைக்க வேண்டும். ‘கொஞ்சமாகக் கரைக்கலாமே’ என்று கால் பொட்டலத்தைக் கண்ணளவில் எடுத்தால் உப்பு ஏறிவிடும் அல்லது குறைந்துவிடும். குளுக்கோஸும் சோடியமும் சரியான விகிதத்தில் சேர்ந்து வந்தால்தான் குடல் சுவர் இரண்டையும் கைகோத்து உள்ளே இழுக்கும், தண்ணீர் பின்னாலேயே போகும். சர்க்கரை தூக்கலான பழச்சாறும் குளிர்பானமும் இதற்கு நேர் எதிர், குடலுக்குள் தண்ணீரை இழுத்துப் பேதியைக் கூட்டும்.

1971இல் வங்கதேசப் போரின்போது அகதி முகாமில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் திரவம் தீர்ந்துபோனது. திலீப் மகாலநாபிஸ் என்ற மருத்துவர் உப்பு, சர்க்கரைக் கரைசலை டிரம்களில் வைத்து, நோயாளிகளின் வீட்டு ஆட்களையே ஊற்றிக் கொடுக்கச் சொன்னார். முப்பது சதவீதம் வரை இருந்த இறப்பு நான்கு சதவீதத்துக்குக் கீழே இறங்கியது. அதைச் செய்தவர்கள் பயிற்சி பெற்ற நர்ஸுகள் இல்லை, அம்மாக்களும் அக்காக்களும்தான். உங்களாலும் முடியும், டம்ளரை மட்டும் ஒளித்து வையுங்கள். சாப்பாட்டை நிறுத்தாதீர்கள், கேட்டதைக் கொடுங்கள். துத்தநாக மருந்து தேவையா, எத்தனை நாள் என்று டாக்டரிடம் கேளுங்கள்.

எதற்கு ஓட வேண்டும் என்று கேட்டீர்கள். மூச்சு வாங்குவது, விலா எலும்புகளுக்கு நடுவிலோ கீழோ சதை உள்ளே இழுப்பது, உதடு நீலம் பாய்வது. எழுப்பினால் எழாமல் துவண்டு கிடப்பது அல்லது எதற்கும் அடங்காமல் வீறிடுவது. கழுத்து விறைப்பு. கண்ணாடி டம்ளரை அழுத்திப் பார்த்தாலும் மறையாத சிவப்பு, ஊதாப் புள்ளிகள். மலத்தில் ரத்தம், பச்சைப் பித்தமாக வாந்தி. எட்டு மணி நேரமாகச் சிறுநீர் போகாமல், அழுதால் கண்ணீர் வராமல், கண் குழி விழுந்து இருப்பது. இவற்றில் ஒன்று வந்தாலும் ராத்திரி இரண்டு மணியானாலும் கிளம்பிவிடுங்கள், காலை வரை பார்க்கலாம் என்று இருக்க வேண்டாம். இப்படி எதுவும் இல்லாமல் காய்ச்சல் மட்டும் மூன்று நாள் தாண்டினாலோ, விட்ட காய்ச்சல் ஒரு நாள் கழித்துத் திரும்பி வந்தாலோ அன்றைக்குப் பகலில் காட்டினால் போதும். இது எதிலும் சேராமல், ஆனால் ‘என்னவோ இவன் வழக்கம்போல இல்லை’ என்று உங்களுக்குத் தோன்றினால் அதற்காகவும் வரலாம். அந்த வார்த்தையோடு வந்த அம்மாக்களைத் திருப்பி அனுப்ப எனக்குத் துணிச்சல் வந்ததில்லை.

மூச்சு வாங்குகிறதா என்று எப்படித் தெரியும் என்று அடுத்த கடிதத்தில் கேட்பீர்கள். எண்ணித்தான். சட்டையைத் தூக்கிவிட்டு வயிறு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும், அழாமல் இருக்கும்போது. ஒன்றிலிருந்து ஐந்து வயதுக்குள் 40ஐத் தொட்டால் வேகம். ஆனால் காய்ச்சல் ராத்திரியில் முதல் தடவையாக எண்ணினால் கை நடுங்கி எண்ணிக்கை தப்பும். அதனால் இன்றைக்கே, அவன் நன்றாக இருக்கிற நாளில், தூங்கிய பிறகு பக்கத்தில் உட்கார்ந்து ஒரு நிமிடம் எண்ணிப் பாருங்கள். 20க்கும் 30க்கும் நடுவில் ஏதோ ஒரு எண் வரும். நோட்டில் முதல் பக்கத்தில் அதை எழுதிவிட்டு, நீங்களும் படுத்துத் தூங்குங்கள்.